முப்பதடியா, பத்தடியா? மாந்தோப்புக்கு இடைவெளி எவ்வளவு விடலாம்

பர்கூர் புதுத்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கர் சமதளம். அங்கே போர் இருக்கிறது, கோடையிலும் கொஞ்ச நேரம் ஓடும். மீதி இரண்டு ஏக்கர் மேட்டுச் சரளை, முழு மானாவாரி. இதுவரை கொள்ளும் கடலையும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் மழை ஆரம்பித்ததும் மூன்றிலும் மா வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெங்களூராவும் பங்கனபள்ளியும் கொஞ்சம் இமாம் பசந்தும் வைக்கலாம் என்று எண்ணம்.

செடி விசாரிக்கப் போன இடத்தில், "பத்தடிக்கு ஆறரை அடி வைங்க, ஏக்கருக்கு 674 செடி, நாலாவது வருஷத்திலேயே காசு பாக்கலாம்" என்றார்கள். வீட்டில் வந்து சொன்னதும் அப்பா, "முப்பதடிக்குக் குறைஞ்சா அது தோப்பு இல்ல, விறகுக்காடு" என்று எழுந்து போய்விட்டார். முப்பதடி என்றால் ஏக்கருக்கு 48 மரம்தான் வருகிறது. 48 எங்கே, 674 எங்கே! மரம் 14 மடங்கு என்றால் காயும் அதற்கேற்ப வருமா? நான் ஓசூரில் ஷிப்ட் வேலையில் இருக்கிறேன், ஞாயிறு மட்டும்தான் நிலத்துக்கு வர முடியும். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தோப்பு வைத்து நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

நத்தம் கல்லாமை:

எங்கள் பக்கம் கல்லாமை (உங்க ஊர் பெங்களூராதான்) எல்லாம் 30, 35 அடி. முதல் பத்து வருஷம் நிலம் சும்மா கிடக்கிற மாதிரி தெரியும். நடுவில் கடலை, தட்டைப்பயறு போட்டுத்தான் சாப்பிட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் 16 அடிக்கு நட்டார்கள், எட்டு வருஷம்வரை எங்களைவிட நல்ல காய்ப்பு. அதற்குப் பிறகு கொப்போடு கொப்பு கோத்துக்கொண்டது. இப்போது உள்ளே மருந்து அடிக்கக் குனிந்துதான் போகணும், தைப் பூ நேரத்தில் தத்துப்பூச்சி முகத்தில் வந்து மோதும். உங்க அப்பா பேச்சைக் கேளுங்க.

போச்சம்பள்ளி மாங்கொல்லை:

தம்பி, நான் போச்சம்பள்ளி வட்டம்தான், உங்களுக்குப் பக்கம். என் மாமனார் நட்ட முப்பதடித் தோப்பும், நானும் வீட்டுக்காரரும் நட்ட பதினாறடித் தோப்பும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் தண்ணீர், மருந்து, ஆள் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

காய் 14 மடங்கு வராது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே பிடிபடும். மாமரம் காயைத் தோலில்தான் தாங்கும், வயிற்றில் தாங்காது. பூங்கொத்து வருவது வெளிக்கொப்பின் நுனியில், அதுவும் வெயில் படுகிற நுனியில். ஒரு பெரிய மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: உள்ளே வெறும் கிளையும் காய்ந்த குச்சியும்தான் இருக்கும், இலை எல்லாம் வெளிச்சுற்றில் இருக்கும். ஒரு காய் முழுதாகத் திரள ஏறக்குறைய 30 இலை உழைக்க வேண்டும் என்கிறார்கள். நிழலில் கிடக்கிற இலை தன் செலவுக்கே சம்பாதிக்காது, காய்க்கு எங்கிருந்து கொடுக்கும்? ஆகவே ஒரு ஏக்கரில் காய்ப்பது மரத்தின் எண்ணிக்கை இல்லை, வெயில் படுகிற வெளிப்பரப்பு.

இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முப்பதடி இடைவெளியில் மரம் முழுதாகப் பரவி, முப்பதடி அகல அரைக்கோளமாக நிற்கிறது என்று வையுங்கள். ஒரு மரத்தின் வெளிப்பரப்பு சுமார் 1,400 சதுர அடி. 48 மரத்துக்கு 68,000 சதுர அடி வரும். அடுத்தது பதினைந்தடி இடைவெளி: ஏக்கருக்கு 193 மரம், ஒவ்வொன்றும் பதினைந்தடி அகலம், பரப்பு சுமார் 350 சதுர அடி. பெருக்கினால் இதுவும் 68,000 சதுர அடிதான். இரண்டு தோப்பும் நிரம்பி நிற்கிற காலத்தில் காய்க்கிற இடம் ஒன்றுதான். நிஜ மரம் இப்படி அளந்து வளராது, அடிக்கொப்பு நிழலில் போய்விடும், ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான்.

நெருக்கி நடுவதால் கிடைப்பது காலம். பதினைந்தடி அகலத்துக்கு மரம் ஆறேழு வருஷத்தில் வந்துவிடும். முப்பதடி நிரம்ப நம்ம ஊர் மானாவாரியில் பதினைந்து இருபது வருஷம் ஆகும். வேளாண் பல்கலைக்கழகம் வழக்கமான தோப்புக்குச் சொல்கிற கணக்கிலேயே இது தெரியும்: 6 முதல் 10 வயது வரை ஹெக்டேருக்கு 8–10 டன், 15 வயதுக்கு மேல் 15–20 டன். அந்த நடுவில் இருக்கிற வருஷங்கள் எல்லாம் வெயில் வெறும் மண்ணில் விழுந்து வீணாகிற வருஷங்கள். அடர் நடவு அந்த வீணைத்தான் பிடித்துக்கொடுக்கிறது. பெங்களூராவில் மாமனார் நட்ட தோப்பு கண்ட உச்சக் காய்ப்பை எங்கள் பதினாறடித் தோப்பு பாதி வயதுக்கு முன்னாடியே தொட்டுவிட்டது. அதைத் தாண்டி மேலே போகவில்லை, போகவும் போகாது.

இனி அதற்குக் கொடுக்கிற விலை. கொப்பு தொட்டுக்கொண்ட நாளிலிருந்து மரத்தை அந்த அளவிலேயே பிடித்து நிறுத்தியாக வேண்டும், வருஷா வருஷம், விடாமல். நிறுத்தாவிட்டால் வெயில் தேடி மரம் மேலே ஓடும். அடிக்கொப்பு காய்ந்து, உச்சியில் மட்டும் காய் தொங்கும். காற்றில்லாத ஈரத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் குடியேறும். நத்தத்து அண்ணன் சொன்னது அப்படியே நடக்கும். பதினாறடி இடைவெளியில் இருபத்தைந்தடி உயர மரம் நின்றால் பக்கத்து வரிசைக்கு வெயிலே கிடையாது. மரத்தின் உயரம் வரிசை இடைவெளியைத் தாண்டக் கூடாது என்பதை நான் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பேன். அதற்கும் கொஞ்சம் கீழேயே நிறுத்தினால் இன்னும் நல்லது.

பிடித்து நிறுத்துவது என்றால் கவாத்து. அதற்கு நாள் இருக்கிறது. காய் இறங்கியதும் ஜூலைக் கடைசி, தப்பினால் ஆகஸ்டுக்குள் வெட்டிவிட வேண்டும். வெட்டின இடத்தில் துளிர் வந்து, அது பச்சை ஏறி முற்ற நாலு மாதமாவது பிடிக்கும். முற்றின கொப்புதான் மார்கழிக் குளிரில் பூவாகும். புரட்டாசியில் போய் வெட்டினால் மார்கழியில் துளிர் இளசாகவே நிற்கும், அந்த வருஷம் அந்தக் கொப்பில் பூ இல்லை.

யாரும் எடுத்துச் சொல்லாத இடம் ஒன்று இங்கேதான் வருகிறது: குத்தகை. நம்ம பக்கம் பலர் பூப் பார்த்து வியாபாரிக்குப் பேசிவிடுகிறோம். பேசிய பிறகு கடைசிக் காய் இறங்குகிறவரை மரம் அவர் கையில். செந்தூராவும் அல்போன்சாவும் சீக்கிரம் இறங்கிவிடும். பெங்களூராவும் நீலமும் ஜூலை முழுக்க இழுக்கும், விலைக்காகக் காத்திருந்தால் ஆகஸ்டும் ஆகும். முப்பதடித் தோப்புக்கு இதனால் அவ்வளவாகக் கெடுதல் இல்லை. அடர் நடவுக்குக் கவாத்து நாளே கைவிட்டுப் போகும். நீங்கள் ஞாயிறு மட்டும் வருகிறவர், நாளைக்குக் குத்தகைக்கு விடத்தான் தோன்றும். அதனால் நடுவதற்கு முன்னாடியே இதை யோசியுங்கள். எங்கள் பதினாறடித் தோப்பை நாங்கள் குத்தகைக்கு விடுவதே இல்லை, பழைய தோப்பை மட்டும்தான் விடுகிறோம்.

ரகமும் பார்க்கணும். பெங்களூரா போவது கூழ் தொழிற்சாலைக்கு, அங்கே எடைதான் காசு. தோலில் கறை இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகக் குட்டை மரமாகப் பிடித்து ஒவ்வொரு காயாகக் கையால் பறித்தால் செலவுதான் கூடும். பங்கனபள்ளி அப்படி இல்லை. பழமாக விற்கிற காய்க்குத் தோலில்தான் விலை: காம்புப் பால் வடிந்து கருகாமல், கீழே விழுந்து அடிபடாமல் இருக்க வேண்டும். கை எட்டுகிற மரமாக இருந்தால் காம்போடு கத்தரித்து எடுக்கலாம், பழ ஈ வராமல் பை கட்டலாம், சித்திரைக் காற்றில் உதிர்வதும் குறையும். அடர் நடவின் செலவை அந்த விலை தாங்கும். இமாம் பசந்த் ருசி யாருக்கும் பிடிக்கும், ஆனால் வேகமாகக் கிளம்புகிற மரம், காய்ப்பும் கம்மி. கடுமையாக வெட்டினால் இலையாகவே தள்ளும். அதை நெருக்கி நட வேண்டாம். வடக்கே ஹெக்டேருக்கு 1,600 மரம் வைப்பது அமரபாலி ரகத்தில். தசேரியையும் நீலத்தையும் சேர்த்து உண்டாக்கின குட்டை ரகம் அது, இரண்டரை மீட்டருக்கு நட்டாலும் அடங்கி நிற்கும். அந்தக் கணக்கை அப்படியே நம்ம ரகங்களுக்குப் போட முடியாது.

உங்கள் நிலத்துக்கு என் அபிப்பிராயம்: மேட்டுச் சரளை இரண்டு ஏக்கரில் அப்பா சொல்படியே போங்கள். முப்பதடி வேண்டாம், அந்தச் சரளையில் வேர் ஆழம் போகாமல் மரம் அவ்வளவு பெரிதாகாது. இருபத்தைந்தடி போதும், ஏக்கருக்கு 70 மரம். பெங்களூராவைப் பெரும்பகுதி வைத்து நடுநடுவே நீலமும் செந்தூராவும் போடுங்கள். மாவில் பல ரகம் தன் மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிக்காது, கலந்து நட்டால்தான் நல்லது. இமாம் பசந்தையும் இங்கேயே ஓரமாக வையுங்கள், அதற்கு முப்பதடி கொடுங்கள். இடையில் கொள்ளும் கடலையும் இப்போது போலவே ஓடட்டும், ஏழெட்டு வருஷம் வீட்டுக்கு அது ஆகும்.

கிணற்றடி ஏக்கரில் பங்கனபள்ளி. வரிசைக்கு வரிசை 20 அடி, வரிசைக்குள் 13 அடி, ஏக்கருக்கு 167 மரம் வரும். சதுரமாக 16 அடிக்கு வைத்தாலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான், ஆனால் 20 அடி வரிசையில் டிராக்டரும் மருந்துத் தொட்டியும் எந்த வயதிலும் போகும். எங்கள் தோப்பு சதுரமாகப் போய்விட்டதால் வரிசைக்குள் வண்டி விட ஒவ்வொரு வருஷமும் கூடுதலாக வெட்ட வேண்டியிருக்கிறது. வரிசை தெற்கு வடக்காக ஓடட்டும். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறு பக்கம் என்று இரண்டு முகத்துக்கும் வெயில் கிடைக்கும். 674 மரத்துக்கு உங்கள் போர் தண்ணீரும் பத்தாது, ஞாயிற்றுக்கிழமையும் பத்தாது.

பெரியகுளம் சொட்டுநீர்:

அக்கா சொன்ன கணக்கு சரிதான். ஆனாலும் மூன்றுக்கு இரண்டு மீட்டரில் (அதே பத்தடிக்கு ஆறரை அடிதான்) அதி அடர் நடவு செய்து நடத்திக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அது பொய்யான வித்தை இல்லை. நட்ட முதல் வருஷமே செடியை இரண்டடி, இரண்டரை அடியில் கிள்ளிவிட்டு, மூன்று நான்கு கொப்பு மட்டும் சுற்றிலும் விட்டு, அவற்றையும் திரும்பக் கிள்ளி, கிண்ணம் மாதிரி திறந்து வளர்க்க வேண்டும். மூன்று வருஷம்வரை வருகிற பூவை உருவிவிட வேண்டும். உரம் சொட்டுநீர் வழியாகப் போக வேண்டும். மரம் ஆறேழு அடிக்கு மேல் போகவே விடக் கூடாது. நான் தோட்டத்திலேயே குடியிருக்கிறேன், கத்தரிக்கோல் எப்போதும் இடுப்பில் இருக்கும். செடி ஒன்று நூறு ரூபாய் என்று வைத்தாலே ஏக்கருக்கு 67,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது, குழியும் சொட்டுநீரும் தனி. தோட்டக்கலைத் துறையில் அடர் நடவுக்கு மானியம் உண்டு, நடும் முன்னே கேளுங்கள்.

பூக்க வைக்கக் கல்டார் என்கிற வளர்ச்சியடக்கி மருந்தை வேரில் ஊற்றச் சொல்வார்கள். மரத்தின் அகலத்தை அளந்து அதற்கேற்ற அளவுதான் ஊற்ற வேண்டும். கூடிப்போனால் கொப்பு சுருங்கி, பூங்கொத்து குத்தாக முடங்கிவிடும், மருந்தும் மண்ணில் சீக்கிரம் போகாது. இளம் செடிக்கு ஊற்றவே கூடாது.

பர்கூர் புதுத்தோப்பு:

அக்கா, அண்ணன்களே, ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "மேட்டுக்கு இருபத்தஞ்சா?" என்று இரண்டு தடவை கேட்டார், பிறகு சரி என்றுவிட்டார். அந்த வெளிப்பரப்புக் கணக்கு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

இன்னொரு சந்தேகம். என் சித்தப்பாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் நீலம் தோப்பு இருக்கிறது. 16 அடி சதுரம், 18 வயது, ஒரு தடவைகூடக் கவாத்து செய்ததில்லை. இப்போது உச்சியில்தான் காய். மொத்தமாக வெட்டிவிட்டு வேறு வைக்கலாமா என்று யோசிக்கிறார்.

போச்சம்பள்ளி மாங்கொல்லை:

அவசரப்பட்டு வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். 18 வயது நீல மரம் நல்ல உழைக்கிற வயது. வருஷம் தவறாமல் காய்க்கிற ரகம், அதை விட்டுப் புதுச் செடி வைத்தால் மறுபடி ஏழெட்டு வருஷம் காத்திருக்கணும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மூலைவாட்டில் ஒன்று விட்டு ஒன்று எடுப்பது. சதுரங்கக் கட்டம்போல் கறுப்புக் கட்டத்து மரம் நிற்கும், வெள்ளைக் கட்டத்து மரம் போகும். ஏக்கருக்கு 170 இருந்தது 85 ஆகும், நிற்கிற மரங்களுக்குள் இடைவெளி இருபத்திரண்டரை அடி கிடைக்கும். நீலம் பெரிய மரம் ஆகாது, அதற்கு அது தாராளம். ஒரே வருஷத்தில் எடுக்கத் தேவையில்லை. போக வேண்டிய மரத்துக்கு இப்போதே சுண்ணாம்பால் அடையாளம் போட்டு, அவற்றின் பக்கக் கொப்புகளை மட்டும் இந்த வருஷம் வெட்டச் சொல்லுங்கள். அவை உச்சியில் இரண்டு மூன்று வருஷம் காய்த்துக்கொண்டே இருக்கும். அதற்குள் நிற்க வேண்டிய மரங்கள் அந்த இடத்தில் கொப்பு விட்டுக்கொள்ளும். பிறகு எடுத்துவிடலாம், மகசூல் குறைவது அவ்வளவாகத் தெரியாது.

இரண்டாவது, எல்லா மரத்தையும் வைத்துக்கொண்டு உயரத்தைக் குறைப்பது. நடுவில் நேராக மேலே போகிற தடித்த கொப்பு ஒன்று இரண்டை அடியோடு எடுத்தால் வெயில் வயிற்றுக்குள் இறங்கும். அடுத்த வருஷம் இன்னொன்று. மொத்தத் தலையையும் ஒரே நாளில் மொட்டை அடிக்கக் கூடாது. அடித்தால் திடீரென வெயில் பட்டு அடிமரப் பட்டை வெடிக்கும், தண்டு துளைப்பான் ஏறும், இரண்டு வருஷம் காயும் இருக்காது. வெட்டு வாய்க்கு அன்றைக்கே போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவணும், வெயில் படுகிற அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். வெட்டின இடத்தில் கொத்தாகத் துளிர் கிளம்பும். வெளிப்பக்கம் பார்த்த மூன்று நாலை விட்டு மீதியைக் கையாலேயே முறித்துவிடச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் பழைய நெருக்கமே திரும்ப வந்து நிற்கும்.

சித்தப்பா குத்தகைக்கு விடுகிறவர் என்றால் முதல் வழிதான் அவருக்குச் சரி. சொந்தமாகப் பார்க்கிறவர் என்றால் தோப்பை இரண்டு பாதியாகப் பிரித்து, இந்த வருஷம் ஒரு பாதி, அடுத்த வருஷம் மறு பாதி என்று உயரம் குறைக்கலாம், வருமானம் ஒரேயடியாக நிற்காது. எப்படிச் செய்தாலும் இனிமேல் குத்தகைச் சீட்டில் "ஜூலை 31க்குள் காய் இறக்கி மரத்தை ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் பழைய தோப்புக்கு அப்படித்தான் எழுதுகிறேன். அதற்காக வியாபாரி பேசுகிற தொகையில் கொஞ்சம் குறைக்கிறார், ஆனாலும் எனக்குக் கவாத்து நாள்தான் முக்கியம்.

உங்கள் நிலத்தில் குழிக்கு இடம் குறிக்க முளைக்குச்சி அடிக்கும் முன் ஒரு வார்த்தை. வேலியிலிருந்து முதல் வரிசைக்குப் பதினைந்தடி விடுங்கள், டிராக்டர் திரும்ப இடம் வேண்டும். மேட்டில் சரிவு இருந்தால் அங்கே தெற்கு வடக்கு பார்க்க வேண்டாம், சரிவுக்குக் குறுக்காக வரிசை போடுங்கள், மழைத் தண்ணீர் நின்று இறங்கும். மின்கம்பிக்கு அடியில் மரம் வராமல் பாருங்கள். குழி மூன்றடி நீளம், அகலம், ஆழம் குறையக் கூடாது. சரளையில் ஆள் குழியைச் சுருக்கத்தான் பார்ப்பார்கள், அப்பாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். மேல்மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்பி, ஒரு மழை வாங்கி மண் அமர்ந்த பிறகு நடுங்கள். ஒட்டு மூட்டு மண்ணுக்கு மேலே அரையடியாவது நிற்கட்டும்.